பட்டாவில் யார் பெயர்? வேளாண் திட்டங்களின் வரலாறும் நம் ஊர் நிலங்களும்

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து, பட்டா மாறுதல், உட்பிரிவு, பெயர்த் திருத்தம் போன்ற மனுக்களை வாங்கும் நாட்கள் அவை. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர், வாலிகண்டபுரம் என்று பெரம்பலூர் மாவட்டத்தில் நம் மக்கள் வாழும் ஊர்களில் நிலம் உள்ள குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களில் எத்தனை பேர் அங்கே ஒரு மனு கொடுத்திருக்கிறோம்?

நம்மில் பல வீடுகளின் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டனார் வஃபாத்தாகி இருபது, முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். பேரன்கள் துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நிலத்தைப் பக்கத்துக் காட்டுக்காரர் வாய்ப்பேச்சுக் குத்தகையில் பார்த்துக்கொள்வார். கட்டிக்கொடுத்த பெண்களின் பங்கு பற்றிப் பேச்சே எழுந்திருக்காது.

மழை பொய்த்தால் உழுதவருக்குக் காப்பீடு வருவதில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு உதவித்தொகை வருவதில்லை. கூட்டுறவுக் கடன் யாருக்கும் கிடைப்பதில்லை. "அரசாங்கம் விவசாயிக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அரசு செய்வதும் செய்யாததும் ஒரு பதிவேட்டைச் சுற்றியே நடக்கின்றன. அந்தப் பதிவேடு எப்படி வந்தது, வேளாண் நிறுவனங்கள் அதன் மேல் எப்படிக் கட்டப்பட்டன என்று தெரிந்துகொண்டால், நாம் எங்கே விடுபட்டுப் போனோம் என்பதும் தெரியும்.

நவாபு காலத்துச் சொற்கள், கம்பெனி காலத்துக் கணக்கு

தாலுகா, பிர்கா, தாசில்தார், ஜமாபந்தி, பசலி, கிஸ்தி, வசூல், இனாம், ஜமீன் ஆகிய சொற்கள் எல்லாம் அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. பசலி என்பது அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் 'ஃபஸ்ல்' என்ற அரபிச் சொல்லின் வழி வந்தது. அக்பர் காலத்தில் வரி வசூலுக்காக ஏற்பட்ட இந்த ஆண்டுக் கணக்கில்தான் கிராம நிர்வாக அலுவலர் இன்றும் அடங்கல் எழுதுகிறார். நம் பகுதியில் பசலி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது.

திருச்சிராப்பள்ளிச் சீமை ஆர்க்காட்டு நவாபின் ஆளுகையில் இருந்தது. பெரம்பலூருக்கு வடக்கே நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டை அந்தக் காலத்தின் சாட்சி. 1751இல் வாலிகண்டபுரம் பக்கத்தில் நடந்த போரும் யார் நவாபு என்ற சண்டையின் ஒரு பகுதிதான். 1801 ஜூலை 31 அன்று செய்யப்பட்ட உடன்படிக்கையோடு கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனி பழைய சொற்களை அப்படியே வைத்துக்கொண்டது. உள்ளே இருந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டது.

அந்த மாற்றத்தின் பெயர் ரயத்துவாரி. பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் செய்துபார்த்த இந்த முறை, 1820இல் மன்றோ சென்னை மாகாண ஆளுநரான பிறகு எங்கும் பரவியது. இதன்படி ஒவ்வொரு வயலையும் அளந்து, எண் கொடுத்து, மண்ணைத் தரம் பிரித்து, அதற்கு ஒரு ரொக்கத் தீர்வை நிர்ணயிப்பார்கள். அந்தத் தீர்வையைக் கட்ட வேண்டியவர் யார் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் பட்டா.

பட்டாவை நாம் உரிமைப் பத்திரமாகப் பார்க்கிறோம். அரசு அதை எழுதத் தொடங்கியது வரி வசூலிக்க வேண்டிய ஆளை அடையாளம் காண்பதற்காக. அதனால்தான் ஒரு வயலுக்கு ஒரு பெயர் இருந்தாலே அன்றைய அரசுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வயலில் மனைவிக்கும் மகளுக்கும் உள்ள பங்கு, உழுபவருக்கு உள்ள உறவு எதுவும் அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை.

நம் வட்டாரம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கவில்லை. கிழக்கே அரியலூர், உடையார்பாளையம் பாளையங்கள் ஜமீன்களாக நீடித்தன. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் ரயத்துவாரி நடந்தது.

உஷ்ரும் கிஸ்தியும்

இஸ்லாம் விளைச்சலுக்கு விதித்த உஷ்ரோடு இந்த ஏற்பாட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் எளிதில் புரியும். வானம் பார்த்த நிலத்தில் விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. செலவும் உழைப்பும் போட்டு நீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒரு பங்கு. இது நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த அளவு. விளைந்தால்தான் கடமை, விளைந்த பொருளிலிருந்தே கொடுக்கலாம். ஒன்றுமே விளையாத ஆண்டில் கொடுக்க ஒன்றுமில்லை.

ரயத்துவாரித் தீர்வை அப்படிப்பட்டதல்ல. அது வயலின் மேல் விழுந்தது. புஞ்சைக்கு நஞ்சையைவிடக் குறைவுதான் என்றாலும், ஒருமுறை நிர்ணயித்தால் 30 ஆண்டுகளுக்கு அதே தொகை. செலவு போக மிஞ்சுவதில் பாதி வரை அரசுக்கு என்பதுதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு வைத்திருந்த அளவுகோல். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தவணை வந்தால் ரொக்கமாகக் கட்ட வேண்டும். தள்ளுபடி கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில் இருந்தது.

கம்பும் சோளமும் விளைகிற புஞ்சைக்காரர் அறுவடைக்கு முன்பே ரொக்கத்துக்கு எங்கே போவார்? வட்டிக்காரரிடம்தான். நிலத்துக்குப் பட்டா இருந்ததால் அதை அடமானம் வைக்கவும் முடிந்தது, இழக்கவும் முடிந்தது.

பஞ்சம் பெற்றெடுத்த துறை

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை கொடுத்தது. மாகாணங்களில் வேளாண் துறை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சென்னை மாகாணத்தில் வேளாண் துறை 1882இல் வந்தது. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு மாறியது. அதுதான் வளர்ந்து 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. கோவையில் 1912இல் கரும்பு இன விருத்திக்குத் தனி நிலையமும் வந்தது.

வட்டிக்காரர் பிரச்சினைக்கு விடை தேட பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அரசு நியமித்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்தாரைக் கூட்டி நடத்திய கடன் சங்கங்களைப் பார்த்து, அதே வழியை இங்கே பரிந்துரைத்தார் அவர். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செங்கல்பட்டு ஜில்லாவின் திரூரில் முதல் சங்கம் பதிவானது. நம் ஊரில் இன்று இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகு 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம். எடையில் ஏமாற்றுவது, தரகு, கழிவு என்று விவசாயியைச் சுரண்டுவதைத் தடுக்க அரசு மேற்பார்வையில் விற்பனைக்கூடம் வேண்டும் என்றது அந்தச் சட்டம். இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இதன் வாரிசுகள். 1938இல் ராஜாஜி அரசு விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

ஆக, ஆங்கிலேயர் போகும்போது துறை, கல்லூரி, கடன் சங்கம், சந்தைச் சட்டம் எல்லாம் காகிதத்தில் இருந்தன. ஆனால் சாதாரண விவசாயியிடம் அவை போய்ச் சேரவில்லை. ரிசர்வ் வங்கி 1951-52இல் நடத்திய கிராமக் கடன் ஆய்வு இதைப் போட்டு உடைத்தது. கிராமத்தார் வாங்கிய கடனில் கூட்டுறவு மூலம் வந்தது 3 சதவீத அளவுதான். பெரும்பகுதி இன்னும் வட்டிக்காரர், வியாபாரி, பண்ணையார் கையிலேயே இருந்தது.

சுதந்திரம் வந்தது, பதிவேடு மாறவில்லை

1948இல் சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழித்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'ரயத்துவாரியாக மாற்றுதல்' என்ற சொல் இருக்கிறது. உடையார்பாளையம் போன்ற ஜமீன் நிலங்களில் உழுதவர்களுக்கு நேரடியாக அரசிடமிருந்து பட்டா கிடைத்தது. பெரிய முன்னேற்றம்தான் இது. ஆனால் சீர்திருத்தம் செய்தபோதும், மன்றோ காலத்துப் பதிவேட்டை மாற்றாமல் எல்லோரையும் அதற்குள் கொண்டுவருவதே வழியாக இருந்தது.

1955இல் குத்தகைதாரர்களைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்பு வந்தது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. இந்தக் கடைசிச் சட்டம் முக்கியமானது. பட்டாதாரர் பெயரோடு, உழுபவர் பெயரும் அரசுக் கணக்கில் இருக்க வேண்டும் என்று முதன்முறையாக அது சொன்னது. ஆனாலும் வாய்ப்பேச்சுக் குத்தகைகள் இன்றுவரை தொடர்கின்றன.

பெயர் பதிவானால் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு வங்கம் ஒரு பாடம். 1978இல் அங்கே 'ஆபரேஷன் பர்கா' என்ற பெயரில் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் வாரத்துக்கு உழுபவர்களின் பெயர்களைப் பதிவு செய்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். நிலம் யாருக்கும் கைமாறவில்லை. ஆனால் பெயர் பதிவானதால் அவர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியவில்லை, விளைச்சலில் அவர்களுக்குரிய பங்கும் உறுதியானது.

1960களில் நாடு உணவுக்குத் தவித்தது. மத்திய உணவு அமைச்சரான சி.சுப்பிரமணியம் காலத்தில் மூன்று தூண்கள் நடப்பட்டன. வீரிய விதைகள் முதலாவது. விலையைப் பரிந்துரைக்க 1965இல் ஏற்பட்ட வேளாண் விலை ஆணையம் இரண்டாவது. 1965 ஜனவரி 14 அன்று தஞ்சாவூரில் தொடங்கிய இந்திய உணவுக் கழகம் மூன்றாவது. 1969இல் 14 வங்கிகள் அரசுடைமையாக்கப்பட்டன. 1982இல் நபார்டு வங்கி வந்தது. பசுமைப் புரட்சி என்று நாம் பள்ளியில் படித்ததெல்லாம் இதுதான்.

தஞ்சைக்கு வந்தது, பெரம்பலூருக்கு வரவில்லை

இந்தத் தூண்கள் நீர்ப்பாசனம் உள்ள இடத்தில், நெல்லுக்கும் கோதுமைக்கும்தான் வலுவாக நின்றன. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையோரம் திருமானூர், தா.பழூர் பக்கம் நெல் விளைகிறது. அங்கே நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்க்கலாம். அறிவித்த விலைக்கு அரசே நெல்லை எடுத்துக்கொள்ளும்.

பெரம்பலூரின் கதை வேறு. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவற்றில் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2024-25க்கு மக்காச்சோளம் குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். ஆனால் நெல்லுக்கு இருப்பது போல ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் மக்காச்சோளத்துக்கு இல்லை. கோழித் தீவன ஆலைக்கு அனுப்பும் வியாபாரி சொல்வதே விலையாகிறது. சின்ன வெங்காயத்துக்கு ஆதரவு விலையே கிடையாது. ஒரு பருவத்தில் கிலோ நூறு ரூபாயைத் தொடும் வெங்காயம் இன்னொரு பருவத்தில் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுவதில்லை. அரியலூர் மாவட்டத்து செந்துறை, ஆண்டிமடம் பகுதி முந்திரிக்கும் ஆதரவு விலைப் பாதுகாப்பு இல்லை.

நமக்காக எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேப்பந்தட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாலிகண்டபுரத்தில் ரோவர் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக்கு சோழமாதேவியில் ஒரு மையம் உண்டு. 2018இல் அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளக் காடுகளை அழித்தபோதும், வெங்காயத்தில் திருகல் நோய் பரவும்போதும் இவர்களுடைய ஆலோசனை கேட்டவர்களுக்குப் பயன்பட்டது. படைப்புழுவால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு நிவாரணமும் அறிவித்தது. அந்த நிவாரணம் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், மீண்டும் அதே பதிவேட்டின் முன்னால்தான் போய் நிற்போம்.

எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி

இன்று உள்ள திட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

கூட்டுறவுப் பயிர்க்கடன் வாங்க சிட்டாவும் அடங்கலும் வேண்டும். குறித்த நாளுக்குள் அசலைத் திருப்பிக் கட்டுவோருக்கு வட்டி முழுவதையும் தமிழக அரசே ஏற்றுக்கொள்கிறது. தாமதமானால் வட்டி சேரும். வட்டியிலிருந்து ஒதுங்கி நிற்கும் நம் சமுதாயத்தில் இப்படி ஒரு கடன் இருப்பதே பலருக்குத் தெரியாது. இதன் மார்க்கச் சட்டத்தை நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

பயிர்க் காப்பீடு 2016 முதல் இப்போதைய வடிவில் நடக்கிறது. விவசாயி கட்டும் பங்கு காரீஃப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபி உணவுப் பயிருக்கு 1.5 சதவீதம், பருத்தி, வெங்காயம் போன்ற ஆண்டுப் பயிர்களுக்கு 5 சதவீதம். மீதியை அரசுகள் கட்டுகின்றன. இதற்கும் அடங்கல் வேண்டும். இழப்பைக் கணக்கிடுவதும் வருவாய் கிராமம் அல்லது பிர்கா அளவில்தான்.

2019இல் தொடங்கிய பிரதமரின் கிசான் நிதியில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் வருகிறது. 2019 பிப்ரவரி 1 அன்று பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்குத்தான் தகுதி. அதன் பின் வாரிசு வழியாக நிலம் வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. வருமான வரி கட்டுவோருக்கு இது கிடையாது.

2025 தொடக்கத்திலிருந்து தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் பணி நடக்கிறது. ஆதாரையும் நிலப் பதிவையும் இணைத்து இந்த எண்ணைத் தருகிறார்கள். இனி வரும் உதவிகள் இந்த எண்ணை வைத்தே நடக்கும் என்று அரசு சொல்கிறது. மறைந்த பாட்டனாருக்கு ஆதார் இல்லை, அடையாள எண்ணும் கிடைக்கப்போவதில்லை. இதுவரை கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் சொல்லிச் சமாளித்ததும் இனி கணினியில் முடியாமல் போகலாம். கம்பெனி எழுதத் தொடங்கிய பதிவேடு இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நிலம் எடுப்பிலும் இதே கதைதான். திருச்சி-சென்னை நெடுஞ்சாலை ஆகட்டும், பெரம்பலூரின் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆகட்டும், அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் ஆகட்டும், இழப்பீடு பேசப்படுவது பதிவேட்டில் பெயர் உள்ளவரிடம். பெயர் இல்லாத வாரிசு நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு சிக்கலும் உண்டு. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. 'யு.டி.ஆர்.' என்று பேச்சில் சொல்வார்கள். அப்போது வீட்டுக்கு மூத்த ஆண் பெயரையோ, அந்த நேரத்தில் ஊரில் இருந்தவர் பெயரையோ மட்டும் எழுதிய நிலங்கள் உண்டு. பெயரிலும் பரப்பிலும் பிழைகள் விழுந்தன. அந்தப் பிழைகளையும் திருத்தாமல் இன்றைய கணினிப் பட்டாவில் சுமந்துகொண்டிருக்கிறோம்.

சகோதரிகளின் பங்கு: 1937இல் விடுபட்டது, 1949இல் சேர்ந்தது

நாம் அதிகம் பேசாத ஒரு வரலாறு இது.

முஸ்லிம்களின் வாரிசுரிமையில் ஷரீஅத்தே பொருந்தும் என்று சொன்ன சட்டம் 1937இல் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்தது. 1935ஆம் ஆண்டு அரசியல் ஏற்பாட்டில் விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால் மத்திய சட்டமன்றத்தால் அதைத் தொட முடியவில்லை. வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, வயலில் அந்த ஊர் வழக்கம் சொல்வதே சட்டம் என்ற விசித்திரமான நிலை ஏற்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டமே நிலத்துக்குத் தனி வாரிசு வரிசையை வைத்தது. அதில் ஆண் வாரிசுகள் முன்னால், மகள் வெகு பின்னால். முஸ்லிம்களுக்கும் அதுவே பொருந்தியது.

சென்னை மாகாணம் 1949இல் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கியது. ஆகவே தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்ணுக்கு விவசாய நிலத்திலும் ஷரீஅத் சொல்லும் பங்கு உண்டு. அல்லாஹ் அன்னிஸா அத்தியாயத்தில் வகுத்த பங்கு, நாட்டின் சட்டத்திலும் முழுமையாக ஏற்கப்பட்ட உரிமை. இதற்கு மேல் ஊர் வழக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒருவர் 4 ஏக்கர் நிலத்தை விட்டு மரணிக்கிறார். பெற்றோர் உயிரோடு இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். கடனும் வஸிய்யத்தும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 50 சென்ட். மீதி 3 ஏக்கர் 50 சென்ட்டை ஐந்து பாகமாக்கினால் மகன்களுக்கு ஆளுக்கு இரண்டு பாகம், மகளுக்கு ஒரு பாகம். மகன் ஒவ்வொருவருக்கும் 1 ஏக்கர் 40 சென்ட், மகளுக்கு 70 சென்ட்.

அந்த 70 சென்ட் அவர் பெயரில் பட்டாவானால் அவர் அரசுக் கணக்கில் ஒரு விவசாயி. கடன், காப்பீடு, உதவித்தொகை எல்லாம் அவர் பெயரிலும் கேட்கலாம். கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு, பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஊன்றுகோல் என்று யோசித்துப் பாருங்கள்.

"கல்யாணத்தில் நகை போட்டுவிட்டோம், அதோடு கணக்குத் தீர்ந்தது" என்பது நம் ஊர்களில் கேட்கும் பேச்சு. நகை கொடுத்தது பெற்றோரின் அன்பளிப்பு. வாரிசுப் பங்கு மரணத்துக்குப் பின் அல்லாஹ் கொடுப்பது. ஒன்று மற்றொன்றை அழிக்காது. தன் பங்கு இவ்வளவு என்று தெரிந்த பிறகு, மனமுவந்து ஒரு சகோதரி விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. அளவையே சொல்லாமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வெளிநாட்டில் இருப்பவர்களும் குத்தகைக்காரரும்

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. ஆனால் வாரிசு வழியாக வருவதைப் பெறலாம், வைத்திருக்கலாம். எனவே, பாகப்பிரிவினையைச் செய்யாமல் வைத்துவிட்டு, பின்னால் அண்ணன் தம்பிக்குள் எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பது சட்டச் சிக்கலில் முடியலாம். வாரிசுரிமை என்ற நேர்வழி திறந்திருக்கும்போதே அதைப் பயன்படுத்துவது நல்லது.

நேரில் வர முடியாதவர்கள் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை ஊருக்கு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

அடுத்து, நம் நிலத்தை உழுபவர். பல ஆண்டுகளாக நம்பிக்கையின் பேரில் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதர் எந்த மதத்தவரானாலும் அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் கைபர் நிலங்களை, விளைச்சலில் பாதி என்ற ஒப்பந்தத்தில் அங்கிருந்த யூதர்களிடமே விட்டார்கள். பங்கு இன்னது என்று முன்கூட்டியே தெளிவாகப் பேசி முடித்த ஒப்பந்தம் அது. நாமோ எழுத்தில் ஒன்றும் வைப்பதில்லை. எழுதினால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பது உண்மைதான். ஆனால் எழுதாத குத்தகையில் அவர் கடனும் காப்பீடும் இல்லாமல் நஷ்டப்படுகிறார், நாமோ ஆதாரம் இல்லாமல் நிற்கிறோம். ஒரு நல்ல வழக்கறிஞரிடம் கேட்டு, காலமும் பங்கும் தெளிவாக எழுதிக்கொள்வது இரு பக்கத்துக்கும் நியாயம். பயிர்க் காப்பீட்டில் குத்தகை விவசாயிகளும் சேரலாம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் நம் நிலத்தின் சர்வே எண், பட்டா எண், யார் பெயர் என்பதைத் தமிழக அரசின் இணையச் சேவையில் பாருங்கள். சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் அங்கே கிடைக்கும். பழைய பத்திரத்தோடு ஒப்பிட்டு, பெயரிலும் பரப்பிலும் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றும், வட்டாட்சியரிடமிருந்து வாரிசுச் சான்றும் வாங்குங்கள். இரண்டு தலைமுறை தாண்டியிருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, ஊர் ஆலிமை வைத்துப் பங்குகளைக் கணக்கிட்டு, மனைவி, மகள், சகோதரி யாரையும் விடாமல் எழுதி, எல்லோரிடமும் காட்டுங்கள். பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யுங்கள்.

நான்காவதாக, நில அளவையரை வைத்து உட்பிரிவு செய்து அவரவர் பெயரில் தனிப்பட்டா வாங்குங்கள். உடனே பிரிக்க முடியாவிட்டால், எல்லா வாரிசுகளின் பெயரையும் கூட்டுப் பட்டாவிலாவது சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு பசலியிலும் என்ன பயிர் என்பதை அடங்கலில் பதியச் சொல்லுங்கள். பயிர் பதியாத நிலம் அரசின் கண்ணில் தரிசு.

நம் ஜமாஅத்துகளும் இதில் உதவலாம். திருமணப் பதிவேடு வைத்திருக்கும் பள்ளிவாசலில், ஜமாபந்திக்கு ஒரு மாதம் முன்பு ஒரு நாள் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு வழி பிறக்கும். பட்டதாரி இளைஞர்கள் கணினியில் பட்டா பார்த்துக் கொடுக்கலாம்.

மக்காச்சோளத்துக்குக் கொள்முதல் நிலையம், சின்ன வெங்காயத்துக்கு விலைப் பாதுகாப்பு, மானாவாரி விவசாயிக்கு உரிய கவனம் ஆகியவற்றை அரசிடம் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 14 முதல் தமிழகச் சட்டமன்றத்தில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படுகிறது. கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் கேட்பவரின் பெயர் கணக்கில் இருந்தால்தான் கேள்விக்கு எடை இருக்கும்.

வரி வாங்குவதற்காக ஒரு வெளிநாட்டு ஆட்சி எழுதத் தொடங்கிய கணக்கில், நம் தாய்மார்களின் பெயரும் சகோதரிகளின் பெயரும் அன்று இடம்பெறவில்லை. இன்று அதை எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, மார்க்கம் கட்டளையிடுகிறது. இடையில் நிற்பது நம்முடைய தாமதம் மட்டுமே.

ஒருவர் நட்ட மரத்திலிருந்தும் விதைத்த பயிரிலிருந்தும் மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. அந்த நன்மை தரும் நிலத்தை ஹக்கோடு பிரித்து, உரியவர்களிடம் ஒப்படைத்து, தரிசாக விடாமல் காப்பாற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.